சந்தனம் இல்லாத தலை

எங்கள் கல்லூரியின் பொன்விழா மலரில் உடற்கல்வித் துறைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த ஒன்றரைப் பக்கத்தில் கால்பந்துப் பயிற்சியாளர் ரங்கன் அவர்களைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம். "2004ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் போட்டியில், இரு ஆட்டக்காரர்களின் ஒழுங்கீனம் காரணமாக, திரு. ரங்கன் பயிற்றுவித்த நம் அணி கேடயத்தை இழந்தது."

அந்த இருவரில் ஒருவன் நான். என் பெயர் தரணி. புத்தூரில் இரும்புக் கடை வைத்திருக்கிறேன். படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் எழுத்துகளைக் கடைப் பலகைகளிலும் பழைய செய்தித்தாள்களிலும் பார்த்து நானாகவே கற்றுக்கொண்டேன். ஆகையால் என் வாக்கியங்களில் பிழை இருக்கலாம். செய்திகளில் இராது. அந்தப் போட்டியின் அட்டவணை, நடுவர் அறிக்கையின் நகல், மறுநாள் செய்தித்தாளின் திருப்பதிப் பக்கம் எல்லாமே என் கடை பீரோவில் இருக்கின்றன. ஆனால் ரங்கன் சார் எப்படிப்பட்டவர் என்பது அந்தக் காகிதங்கள் எதிலும் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரங்கன் சாரின் ஊர் குப்பத்துக்கு அருகில் உள்ள குடுபல்லி. சொந்த நிலம் இல்லாத குடும்பம். அவருடைய தந்தை கோலார் தங்கவயலில் கூலி வேலைக்குப் போய்வந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் மகனையும் ரயிலில் அழைத்துப் போவார். சுரங்கத் தொழிலாளர்கள் அங்கே ஷிப்ட் வாரியாக அணி பிரிந்து கால்பந்து ஆடுவார்கள். அந்த மைதானங்களின் ஓரத்தில் நின்று பந்து பொறுக்கிக் கொடுத்துத்தான் இவர் ஆட்டம் கற்றார். பிறகு உடற்கல்விப் படிப்பை முடித்துவிட்டு, 1989இல் சித்தூரில் எங்கள் கல்லூரிக்குத் தற்காலிகப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தார்.

நிர்வாகத்துக்குக் கால்பந்து வேண்டியிருக்கவில்லை. கிரிக்கெட் போதும் என்றார்கள். மைதானத்தின் பாதியில் டிரைவிங் ஸ்கூல் ஜீப் ஓடிக்கொண்டிருந்தது. சார் விடியற்காலையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார். மாலைக்குள் ஜீப் சக்கரம் அதை அழித்துவிடும். சில நாள் பார்த்தார். பிறகு ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டரிடம் போய்ப் பேசினார்.

"மாஸ்டர், ரிவர்ஸ் கத்துக்கினு இருக்கிறவனுக்கு நேர்கோடு வோணும் இல்ல?"

"வோணும்தான். அதுக்கு இன்னா இப்போ?"

"எனக்கும் நேர்கோடுதான் வோணும். உங்க ஜீப்பு பின்னால ஒரு சுண்ணாம்பு மூட்டையைக் கட்டிவுடறேன். அதுல சின்னதா ஒரு ஓட்டை. நீங்க பாட்டுக்குக் கத்துக்குடுங்க."

அன்று முதல் எங்கள் மைதானத்தின் எல்லைக்கோடு டிரைவிங் ஸ்கூல் மாணவர்களின் திறமையைப் பொறுத்து அமைந்தது. புதிய ஆள் சேர்ந்த வாரம் கோடு கார்னருக்கு அருகில் வயிறு தள்ளியிருக்கும். அந்த வயிற்றுக்குள் போன பந்து உள்ளேயா வெளியேயா என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். சார் தலையிடமாட்டார்.

ஆட்களையும் அவர் இப்படித்தான் சேர்த்தார். பாஸ்கர் என்ற எங்கள் கோல்கீப்பரைக் கண்டுபிடித்தது மாங்காய் மண்டியில். சீசனில் அங்கே கூலிக்குப் போகும் எங்கள் கல்லூரிப் பையன்களில் அவனும் ஒருவன். லாரியின் மேலிருந்து ஒருவர் வீசும் மாங்காய்களைக் கீழே நின்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டிருந்தான். சார் அங்கேயே நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வா" என்றார்.

"எனக்குப் பந்து புடிக்கத் தெரியாது சார்."

"இப்ப இன்னா பண்ணிக்கினு இருந்த?"

"இது மாங்கா சார். வுட்டா மேஸ்திரி ஒதைப்பான்."

"வா. அங்கயும் ஒதைக்கறதுக்கு நான் கீறேன்."

சாரிடம் ஒரு சட்டம் உண்டு. நடுவரிடம் எதிர்த்துப் பேசக் கூடாது. பேசியவனுக்கு அடி இல்லை, மைதானத்தைச் சுற்றி ஓட்டமும் இல்லை. மறுநாள் பயிற்சி ஆட்டத்துக்கு அவன்தான் நடுவர். விசிலை அவன் கழுத்தில் மாட்டிவிட்டு, அவன் நண்பர்கள் அவனை வாய்க்கு வந்தபடி திட்டுவதைக் கேட்டுக்கொண்டு சார் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அந்த விசில் என் கழுத்தில் பலமுறை தொங்கியிருக்கிறது. பிற்காலத்தில் நானாகவே விதிநூலைப் படித்து மாவட்ட நடுவர் தேர்வில் தேறினேன் என்றால், அதற்கு வித்து அந்த விசில்தான்.

சாருக்கு ஒரு வேண்டுதலும் உண்டு. அணி அரையிறுதிக்குப் போனால், ஆட்டத்துக்கு முன்பே அத்தனை பேரும் அலிபிரிப் படி ஏறித் திருமலைக்குப் போய் முடி கொடுக்க வேண்டும். போட்டிகள் திருப்பதியில், பல்கலைக்கழக மைதானத்தில் நடப்பவை. மலை கண்ணெதிரே நிற்கும். வெகுகாலம் இந்த வேண்டுதலுக்கு வேலையே வரவில்லை. நான் கடைசி ஆண்டு படித்த 2004இல்தான் முதன்முறையாக அரையிறுதிக்குள் நுழைந்தோம்.

இடையில் ஒரு நாள் ஓய்வு. நாங்கள் மலை ஏறினோம். சாரையும் சேர்த்து எல்லோரும் மொட்டை அடித்து, சந்தனம் பூசி இறங்கினோம். மறுநாள் காலை ஆட்டத்துக்கு முன்பும் தலைக்கு மறுபடி சந்தனம். எரிச்சலுக்கு இதமாக இருக்கும் என்று சாரின் மனைவி மனோரமா அம்மா அரைத்துக் கொடுத்து அனுப்பியிருந்தார். ரமணா மட்டும் பூசிக்கொள்ளவில்லை. எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் அவன். திருப்பதிக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுபவன். "கண்ணுல வழியுது சார்" என்று சொல்லித் துடைத்துவிட்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வாளர்கள் இறுதிப் போட்டியை மட்டுமே பார்க்க வருவார்கள். எனக்கு அதுதான் கடைசி ஆண்டு. இறுதிப் போட்டியில் ஆடினால்தான் என் ஆட்டம் அவர்கள் கண்ணில் படும். ரமணாவுக்கும் அப்படியே. அரையிறுதியில் சிவப்பு அட்டை வாங்கியவன் இறுதியில் ஆட முடியாது என்பது விதி.

அரையிறுதியில் ரமணா போட்ட கோலால் நாங்கள் முன்னிலையில் இருந்தோம். எதிரணிப் பையன்கள் தொடக்கத்திலிருந்தே எங்கள் தலைகளைக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். "டேய், எவன் எவன்னே தெரியலையேடா, எல்லாம் ஒரே சட்டி!" என்று ஒருவன் கத்த, பார்வையாளர்கள் சிரித்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ரமணா உட்பட எல்லோரும் எங்கள் கோல் அருகில் வந்து நின்றோம். பந்து உயரமாக வந்தது. நான் எகிறித் தலையால் முட்டி வெளியே தள்ளினேன். பலமுறை பந்தை முட்டியதில் தேய்ந்து, என் தலையில் மிஞ்சியிருந்த சந்தனமும் இந்தப் பந்தோடு போய்விட்டது.

நடுவர் நாகையாவின் பார்வை பந்தைப் பின்தொடர்ந்தது. அந்த நேரத்தில், "சட்டி, சட்டி" என்று காதருகே சொல்லிக்கொண்டிருந்த எதிரணிப் பையனின் வயிற்றில் ரமணா முழங்கையால் ஒரு குத்து விட்டான். பையன் சுருண்டு விழுந்தான். பக்கத்தில் இருந்த நான் குனிந்து அவனைத் தூக்கினேன். நாகையா திரும்பினார். சந்தனம் இல்லாத ஒரு தலை கை ஓங்கியதை அவர் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறார். எங்கள் சட்டைக்கு எண் முதுகில் மட்டும்தான். சந்தனம் இல்லாத தலைகள் இப்போது இரண்டு. அவற்றில் ஒன்று விழுந்தவனின் பக்கத்தில் இருந்தது. ஓடிவந்து என் முகத்துக்கு நேராகச் சிவப்பு அட்டையைத் தூக்கினார்.

பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லைக்கோட்டிலிருந்து சாரின் குரல் வந்தது. "எவனும் வாயத் தொறக்கக் கூடாது! தரணி, வெளிய வா."

நான் ஓடிப்போய், "சார், நான் இல்ல சார்" என்றேன்.

"தெரியும். வெளிய வா."

அந்தத் "தெரியும்" என்ற சொல்லைத்தான் நான் இவ்வளவு காலமும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டத்தில் ஜெயித்துவிட்டோம். தண்ணீர்த் தொட்டி அருகில் சார் எங்களை நிற்க வைத்தார். "செஞ்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். அவனே சொல்லட்டும். நான் போய் டீ குடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். டீ குடித்துவிட்டு வந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. ரமணா தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான், கட்டினான், மறுபடி அவிழ்த்தான். சார் அவனைப் பார்க்கவே இல்லை. "சரி. தரணி, என்கூட வா" என்றார்.

போட்டிக் குழுவின் அறையில் செயலர் ஹரிபாபு அமர்ந்திருந்தார். சார் நின்றுகொண்டே பேசினார்.

"சார், ஆட்டத்துல நான் ஒண்ணும் கேக்கல. இப்பதான் கேக்கறேன். அடிச்ச பையன் இவன் இல்ல."

"ஏமி சார் நீங்க! அப்போ யாரு? சும்மா இவன் இல்ல, இவன் இல்லன்னா நான் ஏமி செய்யணும்? பேரு சொல்லுங்க."

சார் என்னை ஒருமுறை பார்த்தார். தொப்பியைக் கழற்றித் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். ரமணா இல்லாமல் இறுதிப் போட்டியில் எங்களால் கோல் போட முடியாது என்பது அவருக்குத் தெரியும். பதினைந்து ஆண்டுகளாக அவர் காத்திருந்த ஆட்டம் அது.

"ரமணா" என்றார்.

ஹரிபாபு எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, "ரெஃபரி ரிப்போர்ட் ஏற்கெனவே வந்திருச்சு சார். கோச் பேச்சை வெச்சு அதை மாத்தறதுக்கு ரூல் லேது. இவன் ஆட முடியாது" என்றார்.

"அப்ப ரமணா ஆடலாமா?"

"அது எப்படி? அவன் கொட்டினான், அடிச்சான்னு நீங்களே ஸ்டேட்மென்ட் குடுத்துட்டீங்க. அவனும் ஆட முடியாது."

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தோம். சார் திடீரென்று நின்று சிரித்தார். "ஒருத்தன மீட்டுக்கினு வரப் போயி இன்னொருத்தனையும் அடகு வெச்சுட்டு வந்துட்டேன் நைனா. என்ன மாதிரி கோச்சு எவன் கீறான்?" சிரித்து முடித்ததும் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

இறுதிப் போட்டியில் ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றோம். நானும் ரமணாவும் மைதானத்துக்கு வெளியே, பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தோம். சித்தூர் திரும்பும் பஸ்ஸில் சாரிடம் யாரும் பேசவில்லை. சொந்த அணி ஆளைக் காட்டிக்கொடுத்தவர் என்று பையன்கள் சொன்னார்கள். கல்லூரித் தாளாளர் அவரைக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லச் சொல்லி உங்களை யாருய்யா கேட்டது?" என்று சத்தம் போட்டதாகக் கேள்வி. அடுத்த ஆண்டு கால்பந்தை வேறொருவரிடம் கொடுத்து, சாரை நூலக மேற்பார்வைக்கு அனுப்பினார்கள். புதியவர் காலையில் எழுந்து வரவில்லை. எல்லைக்கோட்டின் வயிறும் நாளுக்கு நாள் பெருத்தது. ஜீப் மாஸ்டரே போய் முதல்வரிடம் புகார் சொன்ன பிறகு சார் மைதானத்துக்குத் திரும்பினார்.

அதன்பின் இரண்டு முறை இறுதிக்குப் போனார். கேடயம் ஒரே ஒரு முறை வந்தது; பெருமழையில் எதிரணி வர முடியாமல் போன ஆண்டு. ஆடாமல் வந்த கேடயத்தைத் தன் அறையில் வைக்க மாட்டேன் என்று முதல்வர் அறைக்கே அனுப்பிவிட்டார். வேண்டுதலில் மட்டும் ஒரு மாற்றம் செய்துகொண்டார். முடி கொடுப்பது இனி எல்லா ஆட்டமும் முடிந்த பிறகுதான். "சாமி காத்துகினு இருப்பாரு. ரெஃபரி காத்துகினு இருக்க மாட்டாரு" என்பார்.

எனக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடைக்கவில்லை. ரமணாவுக்கும் கிடைக்கவில்லை, அவன் அரசு பஸ்ஸில் கண்டக்டர் ஆனான். சரக்கு எடுக்கச் சித்தூர் போகும்போது சில நாள் அவன் பஸ்ஸிலேயே ஏற நேரும். என் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட் கிழிப்பான். நான் அவன் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொள்வேன். அந்த டிக்கெட்டுகளைக் கூட நான் தூக்கிப்போட்டதில்லை. சாரிடம் மட்டும் இருவரும் தனித்தனியே போய்வந்துகொண்டிருந்தோம். சார் அவனைப் பற்றி என்னிடமும், என்னைப் பற்றி அவனிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

பொன்விழா மலர் வெளிவந்தது சார் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டில். அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். மனோரமா அம்மா தோசை போட்டுக்கொண்டிருந்தார். சார் அந்த வாக்கியத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"இத எழுதனவன் அன்னைக்குக் கிரவுண்டுல இருந்தானா?"

"இல்ல சார். நான் நிர்வாகத்துக்கு மூணு கடிதம் போட்டேன். பதில் இல்ல. அறிக்கையோட நகலும் வெச்சு அனுப்பினேன்."

"நகல வெச்சுக்கினு இன்னா பண்ணுவ? அதுல உன் பேருதானே கீது."

"அதான் சார். என் பேரு அதுலருந்து போவணும்."

மனோரமா அம்மா தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டே, "நீ வூட்டுக்கு வந்தா எப்பப் பாரு காயிதம்தானா தரணி? முதல்ல துன்னு" என்றார்.

சார் மலரை என் பக்கம் தள்ளினார். பிறகு, "அது காயிதத்துல போவாது. வாயாலதான் போவும். நான் போறதுக்குள்ள பாக்கலாம்" என்றார். யாருடைய வாய் என்று அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் அந்த வாயை அவர் எப்படித் திறக்கப்போகிறார் என்று விளங்கவில்லை.

2023இல் சாரின் கடைசி வேலை நாளன்று பழைய மாணவர்களுக்கும் இப்போதைய மாணவர்களுக்கும் ஓர் ஆட்டம் ஏற்பாடாகியிருந்தது. அதற்கு நடுவராக இருக்க, சார் தாமே திருப்பதிக்குப் போய் நாகையாவை அழைத்திருந்தார். நாகையா முதியவர் ஆகிவிட்டார். கண் அறுவைச் சிகிச்சை முடிந்து தடித்த கண்ணாடி போட்டிருந்தார். ஓட முடியாது என்பதால் நடுவட்டத்தில் நின்றபடியே விசில் ஊதினார். ரமணா பழைய மாணவர் அணியில் ஆடினான். பாஸ்கர் வயிறு தூக்கிக்கொண்டு கோலில் நின்றான். என்னைச் சார் ஆட விடவில்லை. கொடியைக் கையில் கொடுத்து எல்லைக்கோட்டில் நிற்க வைத்தார். எனக்கு வருத்தம்தான். ஆனாலும் நின்றேன்.

இடைவேளையில் எல்லோரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நாகையா மெதுவாக எங்களை நோக்கி வந்தார். ரமணாவுக்கு இப்போது முடி அநேகமாக இல்லை. எனக்கும் இல்லை. வெயிலில் இரண்டு தலைகளும் ஒரே மாதிரி பளபளத்தன. நாகையா இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, நேரே ரமணாவிடம் போய் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பாபு, அன்னைக்கு நான் தப்பா அட்டை காட்டிட்டேன். உங்க கோச் வந்து எல்லாம் சொன்னாரு. இத்தனை வருஷம் என் மனசுல இது கிடந்துச்சு. நுவ்வு நன்னு க்ஷமிஞ்சாலி, என்னை மன்னிச்சுடணும்" என்றார்.

பாஸ்கர் வாய்க்குப் போன பாட்டிலை அப்படியே நிறுத்தினான். நான் வாயைத் திறக்கப் போனேன். தூரத்தில் டீ டம்ளரோடு நின்றிருந்த சார் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார்.

ரமணா அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு அவற்றை மெதுவாக விலக்கிவிட்டு, என் பக்கம் காட்டினான்.

"அவன்கிட்ட சொல்லணும் சார். கொட்டினது நான். அவன் விழுந்தவனத் தூக்க வந்தான்."

"ஏமி?"

"நான்தான் சார் செஞ்சேன். அன்னைக்கே சொல்லியிருக்கணும். டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் டைம் குடுத்தாரு. சொல்லல." ரமணா என் முகத்தைப் பார்த்தான். டிக்கெட் கொடுக்கும்போது ஒருநாளும் பார்க்காத பார்வை. "டேய், இன்னாடா பாக்கற? சொல்லிட்டேன் இல்ல?"

நாகையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "அய்யோ, மறுபடியும் தப்பான தலையா?" என்றார். பாஸ்கர்தான் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். நாகையா என் கைகளைப் பிடித்தபோது அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். கண்ணில் நீரும் வழிந்தது. நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. அது எங்கும் எழுதி வைக்கப்படவும் இல்லை.

சார் மீதி டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்தார்.

"தரணி, கொடியக் குடு. உள்ள போ."

"பூட்ஸ் இல்லையே சார்."

"என் பைல கீது. உன் அளவு எனக்குத் தெரியாதா?"

பைக்குள் புத்தம் புதிய பூட்ஸ் இருந்தது. கயிறு கூடக் கோத்துத் தயாராக. அவர் திருப்பதிக்கு நாகையாவை அழைக்கப் போனது ஏன், என்னை முதல் பாதியில் வெளியே நிறுத்தியது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. கொடி பிடித்து நிற்பவனை விட்டுவிட்டு நாகையா ரமணாவிடம்தான் மன்னிப்புக் கேட்கப் போவார் என்று சார் கணக்குப் போட்டிருக்கிறார். சட்டைக்குக் கீழே கடைக்குப் போடும் பேண்ட்டோடேயே நான் மைதானத்துக்குள் இறங்கினேன். சார் என் கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டில் போய் நின்றார்.

விசில் ஊதி ஆட்டம் தொடங்கியது. சற்று நேரத்தில் மாணவர்களுக்கு ஒரு கார்னர். பந்து உயரமாக எங்கள் கோலை நோக்கி வந்தது. ரமணா என் பக்கத்தில் நின்று, "விடுடா, எனக்குடா!" என்று கத்தினான்.

நான் விடவில்லை.